பெப்பேயை மீட்டவர்



அமெரிக்க ஓவியர் மேட் ஃப்யூரி 2005-இல் ‘பாய்ஸ் கிளப்’ என்றொரு சித்திரக்கதை வரைந்தார். ஒரே வீட்டில் தங்கி, பீட்சா தின்று, அரட்டையடித்துப் பொழுதைக் கழிக்கும் நாலு நண்பர்களின் கதை. அவர்களில் ஒருவன், தவளை முகம் கொண்ட பெப்பே. யார் வம்புக்கும் போகாதவன்.

அந்த முகத்தை யாரோ வெட்டியெடுத்து இணையத்தில் உலவ விட்டார்கள். சந்தோஷத்துக்கும் பெப்பே, அழுகைக்கும் பெப்பே. அதுவரை கெடுதல் ஒன்றுமில்லை. 2016 அதிபர் தேர்தல் நெருங்கியபோது இனவெறியர்கள் அவனுக்கு நாஜிச் சீருடை மாட்டினார்கள், ஹிட்லர் மீசை வரைந்தார்கள். அந்தச் செப்டம்பரில், யூத வெறுப்பை எதிர்த்துப் போராடும் ஏ.டி.எல். அமைப்பு வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் பெப்பேயையும் சேர்த்தது.

அடுத்த ஆண்டு மே மாதம் ஃப்யூரி ஒரு பக்கம் வரைந்தார். சவப்பெட்டியில் பெப்பே கிடக்கிறான், சுற்றிலும் அவன் நண்பர்கள். பெற்ற கையே கொள்ளி வைப்பது எத்தனை பெரிய துயரம்! அப்படியும் அவனைத் திருடியவர்கள் ஓயவில்லை. படைத்தவன் விட்டுக்கொடுத்தால் திருடியவனுக்குத்தானே லாபம்?

அதன்பின் ஃப்யூரி நிமிர்ந்து நின்றார். டெக்சாஸில் பள்ளி உதவித் தலைமையாசிரியர் ஒருவர் பெப்பேயை வைத்து, முஸ்லிம்கள் மீது வெறுப்பூட்டும் சிறுவர் புத்தகம் வெளியிட்டிருந்தார். ஃப்யூரியின் வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வந்து நின்றார்கள். புத்தக விற்பனை நின்றது. கிடைத்திருந்த லாபம், ஆயிரத்தைந்நூறு டாலருக்குச் சற்று அதிகம். அதை ஃப்யூரி தன் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. அமெரிக்க முஸ்லிம்களின் உரிமைக்காக உழைக்கும் அமைப்புக்குப் போகச் செய்தார். எந்த மக்களைப் புண்படுத்தினார்களோ, அந்த மக்களுக்கே அந்தப் பணம்! இந்த விவகாரத்தில் என் மனத்தைத் தொட்டது இதுதான். பிறகு, பெப்பே படம் போட்ட சுவரொட்டி விற்ற, சதிக் கதைகள் பரப்பிவந்த அலெக்ஸ் ஜோன்ஸின் ‘இன்ஃபோவார்ஸ்’ நிறுவனமும் 2019-இல் 15,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

பதிப்புரிமைச் சட்டம் படத்தை மீட்டுத் தரும். பெயரில் படிந்த களங்கத்தை அதனால் துடைக்க முடியுமா? அதைச் செய்தவர்கள் ஹாங்காங் இளைஞர்கள். அதே 2019-இல், ஜனநாயகம் கேட்டு வீதிக்கு வந்தவர்கள் பெப்பேயைச் சுவர்களில் ஒட்டினார்கள், பொம்மையாகக் கையில் ஏந்தினார்கள். அவர்களுக்கு அவன் வெறுப்பின் முகமல்ல, கூடவே நடந்துவரும் தோழன். போராட்டக்காரர் ஒருவர் மின்னஞ்சலில் இதைத் தெரிவித்தபோது, பெப்பே மக்களுக்கானவன் என்று மகிழ்ந்து பதில் எழுதினார் மேட் ஃப்யூரி.