மூன்று படிகள்

போதகர் இல்லாத சபையை அடுத்தவர் வரும்வரை பார்த்துக்கொள்ள அனுப்பப்படுகிறவன் நான். 6 மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்கு அப்படித்தான் போனேன். 2007-ல் பெயர் மாறிய ஊர். பழையவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். மாமரத்தடியில், சக்கர நாற்காலியில், மடியில் பாட்டுப் புத்தகத்தோடு ஒருவர். செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை விழுந்து முதுகெலும்பு போனவர்.

"உள்ளே வரலையா அண்ணே?"

"இங்கயே நல்லா கேக்குது பாஸ்டர்."

9 வருடமாக அங்கிருந்தே கேட்கிறாராம். வாசலில் மூன்று படிகள். திருவிருந்து நாளில் அப்பத்தட்டு கடைசியாக வெளியே போகும்.

சாய்தளம் கட்டுவது பற்றிச் சபைக் குழுவில் பேசினேன். யாரும் மறுக்கவில்லை. "புதுப் பாஸ்டர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தைய சபைகளில் இதே பதிலை நானே சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாளுக்கு வந்தவன் எதையும் கலைக்கக் கூடாது என்று இருந்துவிட்டு, அதற்கு அடக்கம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

இந்த வட்டாரத்து மக்கள் 'இப்போதைக்கு' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள். 1917-ல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். தோட்டம் நிலைத்தது. பாட்டாளியின் லயத்து வீடோ வேலை இருக்கும்வரைதான். மூன்று தலைமுறை பிறந்து செத்த வீடும் இப்போதைக்குத்தான். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் தோட்டத்து மக்கள் சொந்த வீடு கேட்டு 20 வருடத்துக்கு மேல் போராடினார்கள். பால்மரத்தைவிடச் செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். குடும்பங்கள் பட்டணம் போயின. சபைகள் முழுநேரப் போதகரை வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குச் சுருங்கின. அந்தக் காலியிடம்தான் எனக்கு வேலை தந்தது. அவர்களிடம் போய் நானும் அதே சொல்லைச் சொல்வதா?

பவுல் கொரிந்துவில் தங்கியது ஒன்றரை வருடம். மெதடிஸ்ட் போதகர்கள் வெஸ்லி காலத்திலிருந்தே ஊர் மாறிக்கொண்டிருப்பவர்கள். கொஞ்ச காலம் இருப்பது ஊழியத்துக்குக் குறையே அல்ல. அதில் ஒரு பலனும் உண்டு. சபையாரின் கண்ணில் அந்த நாற்காலி மாமரத்தோடு சேர்ந்துபோயிருந்தது. உள்ளே யார் இல்லை என்பது புதிதாக வந்தவனுக்கு முதல் சில வாரங்கள்தான் தெரியும். அதன்பின் அவன் கண்ணுக்கும் பழகிவிடும்.

வெளியே நின்றவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கம் பாரதி என்ற திருநங்கை போதகரானதை ஒரு ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். பின்வரிசையில் ஓர் அம்மா. அதுவரை "கோலாலம்பூரில் இருக்கிற என் மகனுக்காக" என்று மட்டும் சொல்லி ஜெபிக்கச் சொன்னவர். அன்று வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு "என் மகளுக்காக" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கையை விடவும் இல்லை.

அடுத்த குழுவில் சாய்தளத்தை மறுபடி எடுத்தேன். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. படி ஒவ்வொன்றும் 6 அங்குலம். ஆக 18 அடி. மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பாதி போய்விடுமே என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். உண்மையிலேயே போயிற்று. இளைஞர்கள் நான்கு சனிக்கிழமை மணலும் சிமெண்டும் குழைத்தார்கள். அந்தப் பெரியவர்தான் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார்.

வேலை முடிந்த ஞாயிறு மாமரத்தடி அண்ணன் உள்ளே வரவில்லை. அடுத்த ஞாயிறும் மாமரத்தடியில்தான். நான் கேட்கவில்லை. 9 வருடத்தை இரண்டு வாரத்தில் இறக்கிவைக்க யாரால் முடியும்? மூன்றாம் ஞாயிறு, முதல் பாட்டின் நடுவே, சிமெண்டில் சக்கரம் உரசும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு மட்டும் கொஞ்சம் உரத்துக் கேட்டது. தன் மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரமாக நாற்காலியை நிறுத்தினார்.

அன்று திருவிருந்து. அப்பத்தட்டு வெளியே போகவில்லை.