திசை தப்பிய குறிப்புகள்

பருத்திப்பட்டு ஏரிக்கரை, காலை ஆறரை. யாழ்ப்பாணம் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆவடிக்குத் தெற்கே கிடக்கிற ஊரை அங்கே எல்லாரும் 'வடக்கு' என்கிறார்கள். முதல் இரண்டு நாள் எனக்குத் திசையே பிடிபடவில்லை.

*

திருநெல்வேலி என்றால் எனக்கு அல்வா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி என்றால் கம்பஸ். பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவுக்குள் 1974-இல் பல்கலைக்கழகம் வந்தது. உள்ளேயே சிவன் கோவில். பெடியள் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு கும்பிடு, பிறகு வகுப்புக்கு ஓட்டம். இசை, நடனம் படிப்பவர்கள் மருதனார்மடத்தில்.

*

பொது நூலகம். கட்டடத்தை வரைந்தவர் சென்னைக்காரர் நரசிம்மன். நூலக அமைப்புக்கு யோசனை சொன்னவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1981-இல் எரிந்தவை சுமார் 97,000 நூல்கள். இந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை.

*

ஓவியர் தா. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோணல் கோடுகளைக் கட்டட வரைபடமாக்கி, கூடவே தன் சித்திரத்தையும் வைத்தார். 2011-இல் அது புத்தகமானது. தலைப்பு, முடிவுபெறாத தோம்பு என்று பொருள்படும். ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர்.

அந்த ஊரில் வேறு எதைப் பார்த்தபோதும் இந்தப் புத்தகம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

*

இன்று நானும் வரைந்து பார்க்கிறேன். அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த போர்ஷன். எங்களை யாரும் விரட்டவில்லை. அட்வான்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு காலி செய்தோம். அந்த வித்தியாசம் தெரிந்துதான் வரைகிறேன்.

வாசல் சரியாக வந்தது. சமையலறை கூடத்தைவிடப் பெரிதாகிவிட்டது. கிணறு துணி துவைக்கும் கல்லுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கிணறா? நமக்கு ஏதுடா கிணறு? அது பக்கத்து வீட்டுது."

கயிறு உள்ளங்கையை அறுத்த எரிச்சல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இராட்டினம் கிறீச்சிட்டதும்.

கிணற்றை அழிக்கவில்லை. காம்பவுண்டுச் சுவரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.