பாணரைச் சுமந்த தோள்

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வரப்போகிறது. "காலனிக்காரர்களுக்குத்தான் தனியாகக் காளியம்மன் இருக்கிறாளே, அவரவர் சாமியை அவரவர் கும்பிட்டால் வம்பில்லை" என்கிறார் என் மாமனார். "தடுக்க நாம் யார்?" என்கிறான் மகன். காலனியில் படித்த பிள்ளைகளோ, "உங்கள் கோயிலே எங்களுக்கு வேண்டாம்" என்கிறார்கள். சாஸ்திரப்படி யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: தடுப்பது பாவம், சட்டப்படி குற்றமும்கூட. உங்கள் மகன் சொல்வதே சரி. தனிக்கோயில் இருப்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நீங்கள் அந்தக் காளியம்மனைக் கும்பிடப் போனால் யாரும் மறிக்கப்போவதில்லை. ஒரு தரப்புக்கு மட்டும் பூட்டிய கதவை 'அவரவர் வழி' என்று உங்கள் மாமனார் சொல்லலாமா?

இப்படிப் பேச்சு எழுந்தால், சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிவனடியார் நந்தனாரின் கதையைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். திருப்புன்கூரில் அவருக்கு இறைவன் தெரிய நந்தி விலகியது உண்மைதான். அவர் நின்றதோ வெளியே. தில்லையில் நுழைய அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறும். என் மனம் நாடுவது, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட பாணர் குலத்துத் திருப்பாணாழ்வாரை. காவிரிக்கரையில் மெய்ம்மறந்து பாடி நின்றவர்மேல் கல்லெறிந்தார் லோகசாரங்க முனிவர். அரங்கன் பாணரைக் குளித்துவிட்டு வரச் சொல்லவில்லை. எறிந்தவரையே அவரைத் தோளில் சுமந்து வரச் சொன்னான். தடுத்தவர்தான் குனிய வேண்டும். பெருமாள் சொன்ன பரிகாரம் அது.

1939 ஜூலை 8 அன்று அப்படிக் குனிந்தவர் மதுரை வைத்தியநாத ஐயர். அதுவரை கோயிலுக்குள் விடப்படாதிருந்த கக்கன் உள்ளிட்டோரை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். சொந்தச் சாதியாரின் ஏச்சையும் பகையையும் தாங்கிக்கொண்டார்.

காலனிப் பிள்ளைகளை அகம்பாவம் பிடித்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நாசிக்கில் காலாராம் கோயில் நுழைவுக்காக 1930-இல் போராட்டம் நடத்திய அம்பேத்கரே, 1933-இல் ஆலயப் பிரவேச மசோதாவை ஆதரிக்க மறுத்தார். சாதி ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்க, வாசலை மட்டும் திறந்துவிட்டால் போதாது என்பது அவர் கட்சி. காந்தியடிகளோ கோயில் நுழைவை இந்துக்கள் செய்ய வேண்டிய பிராயச்சித்தமாகக் கண்டார். பிராயச்சித்தம் செய்ய வேண்டியது நாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் உரிமை.

ஆகவே கும்பாபிஷேகப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் மாமனாரையும் ஊர்ப் பெரியவர்களையும் காலனிக்குப் போகச் சொல்லுங்கள். திருப்பணிக் குழுவில் இடம், தீர்த்தக்குடம் எடுக்கும் முறை, அன்னதானத்தில் ஒரே பந்தி, மண்டகப்படியில் பங்கு, எல்லாவற்றையும் அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அப்போதும் அவர்கள் வர மறுத்தால் வருத்தப்படாதீர்கள். அடுத்த திருவிழாவுக்கும் போய் அழையுங்கள்.