பகுதிநேரம் கோருதல்: வேண்டுகோளா, உரிமையா?

முழுநேர ஊழியனொருவன் தன் தொழில்தருநரிடம் சென்று, இனி வாரத்தில் மூன்று நாள் மட்டுமே வேலை செய்ய விரும்புவதாகவும், அதற்கேற்பச் சம்பளத்தைக் குறைத்துக் கொள்ளலாம் எனவும் கூறுவானாயின், அது சம்பள உயர்வு கேட்பதினும் விந்தையான கோரிக்கையாகவே பலருக்குத் தோன்றும். கூட்டிக் கேட்பவனைப் பேராசைக்காரன் என்பர்; குறைத்துக் கேட்பவனைச் சோம்பேறி என்பர். ஆயின் இவன் எவருடைய பொருளையும் கேட்கவில்லை. தன் நேரத்தின் ஒரு பகுதியையே திருப்பிக் கேட்கின்றான். அந்நேரம் ஏலவே விற்கப்பட்டுவிட்டதா என்பதே இங்கு எழும் அறவினா.

விற்கப்பட்டுவிட்டது என்போர் வாக்குறுதியின் புனிதத்தைச் சுட்டுவர். இருவர் செய்த ஒப்பந்தத்தை ஒருவர் மட்டும் மாற்றுதல் முறையன்று. இவ்வாதம் வலிமையுடையதே. எனினும் உழைப்பு என்பது நெல்லைப் போல விற்பவனிடமிருந்து பிரித்து அளந்து கொடுக்கத்தக்க பொருளன்று. ஹெகல் 1821ஆம் ஆண்டளவில் வெளிவந்த தமது உரிமைத் தத்துவம் பற்றிய நூலில் இதனை நுணுகி நோக்கினார். ஒருவன் தன் ஆற்றலின் பயனைக் கால வரையறைக்குட்பட்டுப் பிறனுக்கு வழங்கலாம். தன் உழைப்புக் காலம் முழுவதையுமே வழங்கிவிடுவானாயின் தன் ஆளுமையையே பிறனது உடைமையாக்கியவனாவான் என்பது அவர் கருத்து. மாக்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) இவ்விடத்தை எடுத்தாண்டமை தற்செயலன்று. ஊழியன் முன்னறிவித்தல் கொடுத்து வேலையினின்றும் விலகலாம் என்னும் பொதுவிதிக்கும் இதுவே நியாயமாகும்.

அவ்வாறாயின், முழுவதும் விலக உரிமையுடையவன் பாதி விலகுவதற்கு ஏன் உரிமையற்றவன்? இதற்கு மறுதரப்பில் விடை உண்டு. முழுவதும் விலகுபவன் ஒரு முழு இடத்தை விட்டுச் செல்கின்றான். அதற்கு வேறொருவரை நியமிக்கலாம். பாதி விலகுபவன் விட்டுச் செல்வதோ அரை இடம். இரண்டு நாள் வேலைக்குத் தேர்ந்த ஆள் கிடைப்பது எளிதன்று. கிடையாவிடின் அச்சுமை பக்கத்து மேசைக்காரர் மீது விழும். அவரை எவரும் கலந்து கேட்டிருக்கமாட்டார். அன்றேல், சம்பளம் பாதியாக, வேலை மட்டும் முழுதாகவே கோரியவனிடம் எஞ்சிவிடும். இவ்விரண்டும் அநீதியே. ஆயினும் வேலையைப் பங்கிடுவது தொழில்தருநரின் கடமை என்பதும், அக்கடமையில் அவர் தவறுவதைக் காட்டி ஊழியனின் கோரிக்கையைக் குற்றமாக்கலாகாது என்பதும் நினைவிற் கொள்ளற்பாலன.

ஐரோப்பிய நாடுகள் சில இச்சிக்கலைச் சட்டத்தால் தீர்க்க முயன்றுள்ளன. நெதர்லாந்து 2000ஆம் ஆண்டிலும் யேர்மனி 2001ஆம் ஆண்டிலும் வேலைநேரத்தைக் குறைக்கும் உரிமையை ஊழியருக்கு வழங்கின. தாபனத்தின் நியாயமான தேவைகளைக் காட்டியே தொழில்தருநர் மறுக்கலாம். அதனை நிறுவும் பொறுப்பும் அவரதே. மாற்றம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னர் அவர் பதிலளிக்காவிடின் கேட்டது கிடைத்ததாகவே கொள்ளப்படும். மௌனம் சம்மதம் என்னும் நம்மவர் வழக்கு அங்கு சட்டமாகியுள்ளது! பிரித்தானியா 2003இல் வழங்கியதோ கேட்கும் உரிமை மட்டுமே. அதுவும் முதலிற் சிறு பிள்ளைகளின் பெற்றோர் போன்றோருக்கே. ஏனைய ஊழியருக்கு அது விரிந்தது 2014இலாகும். இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்திற்கு 45 மணித்தியாலம் என மேலெல்லையை வகுத்தது. அஃது ஊழியனை மிகையுழைப்பினின்றும் காப்பது. அவ்வெல்லைக்குள் எவ்வளவு உழைப்பது என்பது வேறு வினா.

பிரித்தானியாவின் அத்தொடக்க நிலை ஒரு நுண்ணிய பிரச்சினையைப் புலப்படுத்துகின்றது. காரணம் கூறியே நேரத்தைக் கேட்க வேண்டுமா? நோயுற்ற தாயைப் பராமரிக்கக் கேட்பவளுக்கு ஒரு நீதி, வீணை பயிலக் கேட்பவனுக்கு வேறொரு நீதியா? இரக்கவுணர்வு ஆம் என்கின்றது. இரண்டு கோரிக்கைகளுள் ஒன்றையே ஏற்கவியலும் சிறு தாபனத்தில் முன்னவளுக்கு இடமளித்தல் தகும். ஆனால் அதனைப் பொதுவிதியாக்கினால், எவருடைய வாழ்வு எத்துணை மதிப்புடையது எனத் தீர்ப்புக் கூறும் அதிகாரம் முகாமையாளரின் மேசைக்குப் போய்விடும். குடும்பத் துயரை அவர் முன் விரித்துக் காட்டியே ஓய்வு பெறவேண்டிய நிலை, உரிமையை யாசகமாக்குகின்றது. யேர்மன் சட்டம் காரணம் வினவாமை இவ்வகையிற் போற்றத்தக்கது.

எனினும் காரணம் வினவாத சட்டமும் எல்லோரையும் ஒருபடித்தாகத் தொடுவதில்லை. நேரத்தைக் குறைத்தவருட் பெரும்பாலார் பெண்களே. பிள்ளை வளர்ந்தபின் முழுநேரத்திற்கு மீள விரும்பியவர்களுக்கு யேர்மனியில் உறுதியான வழி இருக்கவில்லை. வெற்றிடம் ஏற்படின் முன்னுரிமை மட்டுமே இருந்தது. குறைந்த சம்பளம் குறைந்த ஓய்வூதியமாகவும் தொடர்ந்தது. பகுதிநேரப் பொறி என அங்கு இதனை அழைத்தனர். சுதந்திரமாகச் செய்த தெரிவு எனினும், வீட்டு வேலை பங்கிடப்படாத இல்லத்தில் அச்சுதந்திரத்தின் அளவு எவ்வளவு? 2019 முதல், ஓராண்டு தொடக்கம் ஐந்தாண்டு வரை நேரத்தைக் குறைத்துப் பின் முழுநேரத்திற்கு மீளும் உரிமை அங்கு வழங்கப்பட்டது. ஆனால் 45 பேருக்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட தாபனங்களுக்கே அது பொருந்தும். சிறிய கடையொன்றில் வேலை செய்பவள், கேட்குமுன் இன்றும் திரும்பிவரும் வழியை எண்ணிப் பார்த்தே கேட்கவேண்டியுள்ளது.