விலைச்சோறும் கொடைச்சோறும்

விலை கொடுத்து உண்ணும் சோற்றைச் சமயநெறி எப்படிப் பார்க்கிறது என்பது பழைய கேள்வி. சாப்பாட்டுக் கடைகள் பெருகிய பிறகு அதைக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கே சாப்பிடுவது என்பதை இன்று கையிருப்பும் தருணமுமே தீர்மானிக்கின்றன. கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள குறிஞ்சிப்பிட்டி போன்ற கரையோர ஊர்களிலும் கணக்கு இதுதான். விடியலில் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீ, பகலில் சோற்றுப் பார்சல், இரவில் கொத்து ரொட்டி. விருந்தாளி வந்து கையில் காசும் இருந்தால் புத்தளம் நகரத்தில் புரியாணி. கலியாணம் என்றால் ஒரே தட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன். கண்டக்குளிக் கடற்கரைக்குக் காற்றுப் பருவத்தில் வரும் வெளிநாட்டாருக்கான விடுதிச் சாப்பாடு இந்த வரிசையில் சேராது. அதன் விலை வேறு உலகத்தைச் சேர்ந்தது.

பணமும் தருணமும் தீர்த்துவிட்டதாகத் தோன்றும் இந்தத் தேர்வுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: எதை உண்பது, யார் கையால் உண்பது, யாரோடு உண்பது. நான்காவது கேள்விதான் கடினமானது. கொடுக்க ஒன்றும் இல்லாதவர் எங்கே உண்பது?

முதல் கேள்வியில் புத்தளம் கரைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ சட்டமரபில் கடல்வாழ் உயிர்கள் பெரும்பாலும் ஆகுமானவை. மீனை அறுக்க வேண்டியதில்லை, அதன்மேல் இறைபெயர் சொல்லப்பட்டதா என்று விசாரிக்கவும் வேண்டியதில்லை. கத்தோலிக்கர் தவக்கால வெள்ளியில் இறைச்சியை விலக்குவார்கள், மீனை விலக்குவதில்லை. உடப்பு போன்ற ஊர்களின் இந்து மீனவர்கள் விரத நாளும் திருவிழாவும் தவிர மற்ற நாட்களில் மீன் உண்பவர்கள். ஆகவே இந்தக் கரையில் மீன்கறியும் சோறும் விற்கும் கடைக்கு மூன்று சமயத்தாரும் அதிகம் யோசிக்காமல் போகலாம். ஆட்டிறைச்சியும் கோழியும் சட்டிக்கு வந்ததும் கேள்வி தொடங்கிவிடுகிறது. அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்பது உண்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேறொருவர் சொல்லை நம்ப வேண்டியிருக்கிறது.

பொருட்களுக்கு ஹலால் சான்று வழங்கும் பணியை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பல ஆண்டுகள் செய்துவந்தது. 2013இல் பௌத்த தேசியவாத அமைப்புகள் அதற்கு எதிராகக் கிளர்ந்தன. உள்நாட்டுச் சந்தையில் அந்த முத்திரையைக் கைவிட உலமா சபை இணங்கியது; பின்னர் சான்றளிப்பு தனி நிறுவனம் ஒன்றிடம் போனது. ஓர் எளிய நம்பிக்கை ஏற்பாடு அரசியல் பொருளாகிவிட்டது. கிராமத்துத் தேத்தண்ணிக் கடைக்கோ எந்தக் காலத்திலும் முத்திரை தேவைப்பட்டதில்லை. கடைக்காரரைத் தெரியும், அவர் தகப்பனையும் தெரியும். அங்கே அதுவே சான்று.

சந்தையில் வாங்கும் உணவைப் பற்றிக் கிறிஸ்தவ மரபில் முதலில் விரிவாகப் பேசியவர் புனித பவுல். கொரிந்து நகரத்து இறைச்சிச் சந்தையில் கோயில்களில் பலியிட்ட இறைச்சியும் விற்பனைக்கு வந்தது. அந்நகர விசுவாசிகளுக்கு எழுதிய முதல் மடலில் அவர் சொல்வது ஒரு நுட்பமான தீர்வு. சந்தையில் விற்பதை விசாரிக்காமல் உண்ணலாம். ஆனால் பந்தியில் ஒருவர் இது பலிப்பொருள் என்று சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சாட்சிக்காக விலக வேண்டும். இறைச்சி மாறவில்லை, பக்கத்தில் இருப்பவர் மாறியிருக்கிறார். எதை உண்பது என்ற கேள்வி யாரோடு உண்பது என்பதாக இங்கே உருமாறிவிடுகிறது.

யார் கையால் உண்பது என்பதற்குப் புத்தளத்திலேயே பழைய சாட்சியம் இருக்கிறது. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட பயணி இப்னு பதூதா இலங்கையில் கரையேறிய பட்டணத்தைப் பத்தாலா என்று குறிப்பிடுகிறார். அது புத்தளம் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. அங்கே அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்துப் பாவா ஆதம் மலைக்குப் போனார். இத்தீவின் முஸ்லிம் அல்லாத மக்கள் முஸ்லிம் பக்கிரிகளை வீட்டில் தங்கவைத்து உணவும் கொடுக்கிறார்கள், இந்தியாவில் கண்ட வழக்கம் இப்படியில்லை என்று வியந்து எழுதுகிறார். மலபாரில் முஸ்லிம் வழிப்போக்கருக்குச் சமைத்துக் கொடுப்பார்கள், ஆனால் தங்கள் பாத்திரத்தைக் கொடுக்கமாட்டார்கள், வாழையிலையில்தான் பரிமாறுவார்கள். உணவு ஒன்றுதான்; பாத்திரத்தைப் பகிர்வதா இல்லையா என்பதில் இரு நாடும் பிரிந்தன. இலங்கைக்கு அவர் கொடுத்த இந்த நற்சான்றை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. பயணி கண்டது தனக்குக் கிடைத்த விருந்தை.

கடை என்பது முன்பின் தெரியாதவர் சமைத்ததை நம்பி உண்ணும் இடம். அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதை 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் நடந்தது காட்டியது. முஸ்லிம் உணவகம் ஒன்றின் கறியில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் குற்றம் சாட்டிய கும்பல் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கியது. கறியில் இருந்தது மாவுக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் அழைப்புகள் பரவின; அந்த மே மாதக் கலவரம் புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியையும் எரித்தது. வெறுப்பு முதலில் சோற்றுச் சட்டியைத் தேடிப்போவதில் வியப்பில்லை. அந்நியரின் கை நம் உடலுக்குள் வருவது அந்த வழியாகத்தான்.

யாரோடு உண்பது என்பதில் கடைக்கு ஒரு பெருமை உண்டு: காசு கொடுத்தவர் எவரும் அமரலாம். ஆனால் அந்தப் பெருமை தானாக வந்ததல்ல. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் காசு கொடுத்தும் உள்ளே அமர முடியாதிருந்தது. தனிக் குவளையும் போத்தலும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. 1943இல் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் பின்னர் பிற இயக்கங்களும் தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பிறகும் போராட்டம் ஓயவில்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் இதன் தொடர்ச்சி. கோயிலுக்கும் தேநீர்க் கடைக்கும் ஒரே வகைப் போராட்டம் தேவைப்பட்டது என்பது கவனிக்க வேண்டியது: தீட்டு என்ற கருத்து வழிபாட்டிடத்தையும் வியாபார இடத்தையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

சமத்துவத்தைக் காசின்றி நிகழ்த்திக் காட்டுவது சஹன். பாயில் ஐந்தாறு பேர் வட்டமாக அமர்ந்து ஒரே பெரிய தட்டில் கை வைத்து உண்கிறார்கள். முதலாளிக்கு எதிரே அவர் தோணியில் வேலை செய்பவர் அமரலாம். சோறு இருவருக்கும் பொது. இன்று கொழும்பு உணவகங்களின் விலைப்பட்டியலிலும் சஹன் இருக்கிறது. அங்கே வட்டமாக அமர்பவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த குடும்பத்தினரும் நண்பர்களுமே. வடிவம் அப்படியே இருக்க, அறிமுகமில்லாதவரோடு கை கலப்பது மட்டும் போய்விட்டது. கலியாண வீட்டுச் சஹனும் முற்றும் குற்றமற்றதல்ல. செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் மணவிருந்தின் உணவே உணவுகளில் கெட்டது என்ற கருத்துடைய நபிமொழி ஒன்று உண்டு. தட்டைச் சுற்றிச் சமத்துவம் இருக்கலாம். அழைப்புப் பட்டியலில் அது இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி நான்காவது கேள்வி. எல்லாச் சமயங்களும் இதற்குக் கொடை என்று விடை சொல்கின்றன, ஆனால் கொடைகள் ஒரே வகையல்ல. வெசாக் காலத்தில் இலவச உணவு வழங்கும் தன்சலில் வரிசையில் நிற்பவர் ஏழையா பணக்காரரா என்று யாரும் கேட்பதில்லை. கார் வைத்திருப்பவரும் நின்று வாங்குகிறார். கொடுப்பவருக்குப் புண்ணியம் சேர்வதே அங்கு முதன்மை. நோன்புக் காலத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியும் பாத்திரம் கொண்டுவரும் எல்லா வீட்டுக்கும் போகிறது. வாங்குவதில் கூச்சமில்லை, ஏனெனில் வாங்காதவர் இல்லை. வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமசாலையோ பசியையே தகுதியாக வைத்தது: பசித்திருந்தால் போதும், சாதியோ சமயமோ கேட்கப்படாது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று அழைப்பதற்குப் பின்னாலும் இதே எண்ணம் இருக்கிறது. தேரவாத பிக்குவின் நிலையோ தலைகீழ். விநயப்படி அவர் காசைத் தொடக்கூடாது, நண்பகலுக்குப் பின் உண்ணவும் கூடாது. விதியை இறுகப் பிடித்தால் உணவகம் என்ற ஒன்றே அவருக்கு இல்லை. அவர் முழுக்கக் கொடையில் வாழ்பவர், அதனால் எவரும் அவரை இழிவாக எண்ணுவதில்லை. கொடை வாங்குவதில் இழிவு இயல்பாக ஒட்டியிருப்பதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் பிக்குவுக்கு இல்லாத சுமை அகதிக்கு உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் தரைவழியே புத்தளத்தை அடைந்தார்கள். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தங்கியவர்களுக்கு முதல் நாட்களில் சோறு போட்டவர்கள் உள்ளூர் மக்கள். விருந்தோம்பல் மூன்று நாள், அதற்குப் பிறகு கொடுப்பது தருமம் என்று இஸ்லாமிய மரபு பகுத்திருக்கிறது. விருந்தினர் என்ற நிலைக்கு எல்லை கட்டி, அதற்கப்பால் வாங்குபவருக்கு வேறு பெயர் வைக்கும் கடுமையான பகுப்பு இது. கற்பிட்டிக்கு வந்தவர்கள் மூன்று நாளில் திரும்பவில்லை. பலர் இருபது ஆண்டுகள் கடந்தும் முகாம்களில் இருந்தார்கள். வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். கூலியும் காணியும் தண்ணீரும் போட்டிப் பொருளாயின. முதல் வாரத்தில் சோறு போட்டவரும் அதை உண்டவரும் பின்னர் ஒரே வேலைக்காக நிற்க நேர்ந்தது. அந்த நிலையில் தன் கூலியில் ஒரு பிளேன்டீயைக் காசு கொடுத்து வாங்கிக் குடிப்பது சிறிய காரியமல்ல. விலை கொடுத்தவர் நன்றிக்கடன் படுவதில்லை. எழுந்து போகும்போது யாருக்கும் எதுவும் பாக்கியில்லை. உணவுக்குப் பதிலாக நன்றியோ கைம்மாறோ வேண்டாமென்று சொல்லிக் கொடுப்பவர்களைக் குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் புகழ்கிறது. கொடுப்பவர் வேண்டாமென்றாலும் வாங்குபவர் மனம் அதை மறப்பதில்லை. அந்தப் பாரத்தை இறக்கிவைக்க விலையால் முடிகிறது. விலைச்சோற்றை அறத்தில் தாழ்ந்ததாகக் கருதும் பழைய எண்ணம் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறது.

கடற்றொழில் ஊர்களில் விலைக்கும் கொடைக்கும் நடுவே இன்னொன்றும் உண்டு: கடன் கொப்பி. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருமானம் மெலிகிறது, வயிறு அப்படியே இருக்கிறது. கடைக்காரர் பெயரெழுதிக் கொடுக்கிறார். மீன்பாடு நன்றாக இருக்கும் நாளில் கணக்கு அடைகிறது, சில கணக்கு அடைவதேயில்லை. இதற்கும் இஸ்லாமியச் சட்டத்தில் இடமுண்டு. கடனுக்கு விற்கும்போதே சற்றுக் கூடிய விலையை உறுதி செய்துகொள்வதைப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள்; தவணை தவறியதற்காகப் பிறகு தொகையை ஏற்றினால் அது வட்டி, விலக்கப்பட்டது. நெருக்கடியில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் என்கிறது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம். தள்ளுபடி செய்தால் அது தருமமாகக் கணக்காகும், ஆனால் கட்டாயமல்ல. எந்தப் பெயரை அடிப்பது, எதை அடுத்த பருவத்துக்குக் கொண்டுபோவது என்பதைக் கடைக்காரரே முடிவு செய்கிறார்.