துன்பத்தில் நிலைத்தல்

துன்பம் வந்துற்றபோது மனிதன் கேட்கும் முதற் கேள்வி, "நான் செய்த பிழை என்ன?" என்பது. அடுத்த கேள்வி, "நான் தொழுத தெய்வம் எங்கே?" என்பது. இவ்விரண்டின் அடியிலும் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. பக்தி முதலாம், நலம் அதன் வட்டியாம், வட்டி நின்றால் முதலையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம்! இதனை விசுவாசம் என்பதா, வியாபாரம் என்பதா?

திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளையின் வரலாறு இதற்கு விடை பகரும். 1741-இல் குளச்சற் போரில் சிறைப்பட்டு, பின்னர் அவ்வரசின் படையிலேயே உயர்பதவி எய்திய டிலனாய் என்பவர், மனம் நொந்திருந்த பிள்ளைக்கு யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்பர். செல்வத்தையும் மக்களையும் ஒருங்கே இழந்தும் இறைவனைத் துறவாதவன் யோபு. 1745-இல் பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

யோபுவோ இழந்த செல்வத்தை இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றான். தேவசகாயம் பெற்றது யாது? 1749-இல் விலங்கு, மூன்றாண்டுச் சிறைவாதை, 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் துப்பாக்கிக் குண்டு. வட்டி கேட்கும் பக்தியாயின், விலங்கு பூட்டிய அன்றே அது முறிந்திருக்கும்.

நிற்க. "பொறுத்துக்கொள்; மறுமையிற் கிடைக்கும்" என்று ஏழைக்கு உபதேசம் செய்வோர் இவரைத் துணைக்கு அழைத்தல் ஆகாது. தேவசகாயம் தமக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தார். பிறர்க்கு இழைக்கப்பட்ட இழிவைப் பொறுத்தாரல்லர். உயர்குலம் எனப்பட்டதிற் பிறந்தும், தாழ்த்தப்பட்டாரோடு கலந்து பழகி, மக்கள் யாவரும் சமம் என்றார். அவர்மீது பகை மூண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தெழுந்த கோவிலுக்குள் சாதியாரைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அது இடிக்கப்பட்டது. சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டுத் தொழுதவனுடைய விசுவாசம் எத்துணைக் கொடிய சோதனைக்கு உட்பட்டது! அரசன் பூட்டிய விலங்கு பகைவன் செயல். கோவிலிற் கட்டிய சுவரோ உடன்பிறந்தான் செயல். பகைவனால் வருந்துன்பத்தினும் உடன்பிறந்தானால் வருந்துன்பமன்றோ நம்பிக்கையை வேரோடு அசைப்பது?

2022 மே 15-இல் பாப்பரசர் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதர் என அறிவித்தார். அப்பெயரில் 'பிள்ளை' என்னும் சாதிப்பட்டம் இல்லை. அது முன்னரே நீக்கப்பட்டது. நன்றே! ஆயினும் பட்டத்தை ஏட்டிலிருந்து நீக்குதல் எளிது. உள்ளத்திலிருந்து நீக்குதலே அரிது.

தோட்டத்திலாயினும் பட்டினத்திலாயினும், பசியும் பிணியும் வந்த நாளில் செபமாலையை விடாது பற்றுவோர் பலர். அந்நாளிலும் அயலானைத் தன்னோடொத்த மனிதனாய் மதித்து, அவனோடு ஒரே பந்தியில் அமர்பவன் எவனோ, அவனே விசுவாசத்தில் நிலைத்தவன்.