சதுரமும் செவ்வகம்தானா?

எட்டாம் வகுப்புக்கு நாற்கரம் நடத்தும்போதெல்லாம் ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும்: "சதுரம் எப்படி சார் செவ்வகமாகும்?" நியாயமான கேள்வி. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய ‘எலிமென்ட்ஸ்’ முதல் பாகத்தின் 22ஆம் வரையறை அந்தப் பிள்ளையின் கட்சிதான். நான்கு பக்கமும் சமம், நான்கு கோணமும் செங்கோணம் என்றால் சதுரம். செங்கோணங்கள் இருந்தும் பக்கங்கள் சமமாக இல்லாவிட்டால் அது வேறு உருவம் என்கிறது. அந்த ‘இல்லாவிட்டால்’தான் எனக்கு நெருடல். ஒன்றை அதனிடம் இருப்பதை வைத்து அறிவதா, இல்லாததை வைத்தா?

கரும்பலகையில் 80க்கு 50 செ.மீ. செவ்வகம் வரைந்து, நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவேன். 70, 60, 51 வரை செவ்வகம். 50இல் மட்டும் செவ்வகமில்லை. 49 ஆனதும் மறுபடி செவ்வகம் என்றால் யார் ஒப்புவார்கள்? 50இலும் செங்கோணங்கள் அப்படியே இருக்கின்றன. மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாகவே இருக்கின்றன. சமபக்கம் என்ற குணம் கூடுதலாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிரூபணம் என்று வந்துவிட்டால் யூக்ளிடே இந்தப் பிரிவினையைக் கண்டுகொள்வதில்லை. முதல் பாகத்தின் 46ஆவது கூற்றில் சதுரம் அமைக்கும்போது, அந்த உருவத்தை முதலில் இணைகரம் என்கிறார். இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதைக் கொண்டே நான்கு பக்கமும் சமம் என்று காட்டுகிறார். 1731இல் அச்சேறிய வாரிஞோன் தேற்றமும் அப்படித்தான்: எந்த நாற்கரத்தின் பக்க நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தாலும் இணைகரம் வரும். சதுரத்தில் செய்தால் சதுரம் வருகிறது, செவ்வகத்தில் செய்தால் சாய்சதுரம். இவற்றை இணைகரமில்லை என்று ஒதுக்கினால் தேற்றத்தோடு விதிவிலக்குப் பட்டியலும் ஒட்ட வேண்டியிருக்கும்.

அப்படியானால் வரையறை நம் இஷ்டமா? ஒரு பங்கு ஆம். போதாயன சுல்ப சூத்திரம் சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு ஒரு விதியும் நீள்சதுரத்துக்குத் தனி விதியும் சொல்கிறது; கயிறு பிடித்து வேள்வி மேடை அளப்பவருக்கு அது வசதி. ஒரு பெயரை எதுவரை நீட்டுவது என்பது நம் கையில். நீட்டியபின் எது உண்மையாகும் என்பதில் நமக்கு அதிகாரமில்லை. ஆகவே, எதை விலக்கினால் எந்த உண்மை துண்டாகிறது என்று பார்த்துப் பெயர் வைப்பதே முறை. சதுரத்தை வெளியே நிறுத்தினால் அறிவு கூடுவதில்லை, நிரூபணம்தான் நீள்கிறது.